களைக்கொல்லி அடிக்காத கேரட்டு... சரி, களை எடுத்தது யாரு?

பி.காம். படிக்கிற பொண்ணுக்குக் களைக்கொல்லியில் என்ன வேலை என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். களைக்கொல்லி என்றால் எல்லோரும் கெமிஸ்ட்ரி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அக்கவுண்ட்ஸ் பாடமாகத்தான் தெரிகிறது. அதுவும் ஒரு பக்கத்து எண்ட்ரியை மட்டும் போட்டுவிட்டு 'டேலி ஆயிடுச்சு' என்று மூடிவைத்த கணக்கு.

இந்தச் சண்டையில் ரெண்டு கோஷ்டி உண்டு. ஒன்று, 'களைக்கொல்லியே விஷம், நம்ம முன்னோர் கையால களை எடுத்தாங்க, அதுக்கே திரும்பணும்' என்கிற இயற்கை கோஷ்டி. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஈ.சி.ஆரில் காரில் வந்து இறங்கி ஆர்கானிக் கேரட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதில் அடக்கம். இன்னொன்று, 'ஆள் கிடைக்கல, கூலி கட்டல, மருந்து அடிச்சா முடிஞ்சுது' என்கிற கடைக்காரர் கோஷ்டி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறுவதைப் பார்த்தால் பரம எதிரிகள் மாதிரி தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் அண்ணன் தம்பி. இரண்டு பேர் கணக்கிலும் களை பறிக்கிற பொம்பளைக்கு ஒரு வரி கூட கிடையாது. நான் எழுத வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

ஏன் கேரட்டு?

செங்கல்பட்டு மாவட்டத்தில் கேரட்டு விளையாது. இது நெல்லும் வேர்க்கடலையும் தர்பூசணியும் விளைகிற சூட்டு பூமி. நம் ஊர் மார்க்கெட்டுக்கு வருகிற கேரட்டு நீலகிரியிலோ கொடைக்கானலிலோ கர்நாடகாவிலோ விளைந்து, கோயம்பேடு சுற்றி வருகிறது. இருந்தும் கேரட்டில் ஆரம்பிக்கிறேன். களை என்ற பிரச்சினையை இதைவிடப் பச்சையாகக் காட்டுகிற பயிர் கிடையாது.

கேரட்டு விதை ரொம்பப் பொடிசு. ஒரு கிராமில் நூற்றுக்கணக்கில் இருக்கும். விதைத்து முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூணு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அதுக்குள் களை முளைத்து, நிமிர்ந்து, 'என்னப்பா இப்பதான் வர்றியா' என்று கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். கேரட்டின் இலையோ இறகு மாதிரி. விரிந்து நிழல் கட்டி, கீழே இருக்கிற களையை அமுக்குகிற சாமர்த்தியம் அதுக்கு இல்லை. அதனால் முதல் நாலு, ஆறு வாரம் நிலம் சுத்தமாக இல்லை என்றால் விளைச்சல் போச்சு. வரிசைக்கு நடுவே கொத்தைப் போட்டு ஓட்டலாம். வரிசைக்குள்ளே செடிக்குச் செடி விரல்கடை இடைவெளிதான். அங்கே கொத்து நுழையாது, விரல்தான் நுழையணும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அல்லது இடுப்பை ஒடித்துக் குனிந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கணும். மலையில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பெண்கள்.

இதனால்தான் களைக்கொல்லிக் காரர்களுக்குக் கேரட்டு ஒரு பழைய வாடிக்கையாளர். 1940களிலேயே அமெரிக்காவில் மண்ணெண்ணெய் வகையறாவைச் சேர்ந்த ஒரு கரைப்பானைக் கேரட்டு வயலில் தெளித்தார்கள். டிரை கிளீனிங் கடையில் துணி வெளுக்கிற அதே சரக்கு! அது பட்டால் களை கருகிவிடும், கேரட்டு குடும்பத்துச் செடிகள் மட்டும் தாங்கிக்கொள்ளும். பிறகு 1960களில் லினுரான் வந்தது. ஐரோப்பாவில் கேரட்டு விவசாயம் பல வருஷம் அதன் மேல்தான் ஓடியது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்பது உள்ளிட்ட காரணங்களால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. உலகம் முழுக்கக் கேரட்டுக்குப் பயன்படுகிற இன்னொரு மருந்து பெண்டிமெத்தலின். விதைத்த கையோடு, களை முளைக்கும் முன்னாலேயே மண்ணில் தெளிக்கிற ரகம். இதுவும் சர்வரோக நிவாரணி கிடையாது. கோரைக் கிழங்கு இதுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. அதனால் மருந்து அடித்த வயலிலும் ஒரு தடவையாவது ஆள் இறங்கித்தான் ஆகணும்.

ஆகவே, களைக்கொல்லி அடித்த கேரட்டிலும் ஒருத்தி குனிந்திருக்கிறாள். அடிக்காத கேரட்டில் அவள் ரெண்டு மூணு மடங்கு நேரம் குனிந்திருக்கிறாள். 'நஞ்சில்லா உணவு' என்று அட்டையில் போடுகிறீர்களே, அந்தக் குனிவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எந்த அட்டையிலாவது போட்டிருக்கிறதா?

கலிஃபோர்னியா ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது

நான் ஏதோ விதண்டாவாதம் பண்ணுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. கலிஃபோர்னியாவில் மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தை வைத்து நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தார்கள். நீளப் பிடி கொடுத்தால் நின்றுகொண்டே செய்யலாம். ஆனால் குனிந்து செய்தால்தான் வேலை சுத்தம் என்று முதலாளிகள் பிடித்த பிடியில் நின்றார்கள். சீசர் சாவேஸின் தொழிற்சங்கமும் ஏழைகளுக்கு வாதாடிய வக்கீல்களும் போராடி, விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல் அந்தக் கொத்து தடை செய்யப்பட்டது.

முடிந்ததா? இல்லை. கொத்துக்குத்தானே தடை, கைக்குத் தடை இல்லையே! 'வெறுங்கையால பிடுங்கு' என்றார்கள். குனிந்த முதுகு குனிந்தபடியே இருந்தது. கடைசியில் 2004இல் இன்னொரு விதி வந்தது: வேறு வழி இருக்கும்போது ஆளைக் குனியவைத்துக் கையால் களை எடுக்க வைக்கக் கூடாது, எடுக்க வைத்தால் கூடுதல் ஓய்வு தரணும். அந்த விதியில் யார் யாருக்கு விலக்கு கிடைத்தது தெரியுமா? நெருக்கி நடுகிற பயிருக்கு, அதாவது செடிக்குச் செடி ரெண்டு அங்குலத்துக்குக் குறைவாக உள்ள பயிருக்கு விலக்கு. அப்புறம்... ஆர்கானிக் பண்ணைகளுக்கு விலக்கு.

இன்னொரு தடவை படியுங்கள். தொழிலாளியின் முதுகைக் காப்பாற்ற வந்த சட்டம், 'இயற்கை விவசாயம்' என்ற பெயரைக் கேட்டதும் வழிவிட்டு நின்றது. இத்தனைக்கும் உலக அளவில் ஆர்கானிக் இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோம் 2005இல் ஏற்றுக்கொண்ட நான்கு கொள்கைகளில் ஒன்று 'நியாயம்'. மண்ணுக்கு நியாயம், மண்புழுவுக்கு நியாயம் என்று வரிசையில் வரும்போது மனுஷிக்கு மட்டும் டோக்கன் தீர்ந்துவிட்டது போல.

'நம்ம முன்னோர்' யாருங்க?

சரி, மலையும் அமெரிக்காவும் இருக்கட்டும். நம்ம செங்கல்பட்டுக்கு வருவோம். இங்கே இயற்கை கோஷ்டி தவறாமல் எடுத்துக்காட்டும் ஒரு சரித்திரம் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரில் கிட்டத்தட்ட 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த ஆவணங்களைத் தேடி வெளியே கொண்டுவந்தவர் தரம்பால். அந்தக் காலத்தில் நம் ஏரிப் பாசனக் கழனிகளில் விளைச்சல் பிரமாதமாக இருந்தது என்பது அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு. உரம் இல்லாமல், மருந்து இல்லாமல்!

நல்லது. பெருமைதான். ஆனால் அந்தக் கழனியில் களை பிடுங்கியது யார்? அதுக்கு விடையும் இதே மாவட்டத்து ஆவணத்தில்தான் இருக்கிறது. 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். கடனில் கட்டுண்ட படியாட்கள், சொந்தமாகக் குடிசை மனை கூட இல்லாதவர்கள், நிலம் கேட்டால் தடுக்கிற மிராசுதார்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்த நிலமும் கையில் நின்றதா? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை என்று ஓர் ஊர். பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு அங்கே தொடங்கிய போராட்டம் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

இதை ஏன் களைப் பதிவில் இழுக்கிறேன் என்றால், 'முன்னோர் கையால களை எடுத்தாங்க' என்ற வாக்கியத்தில் 'எடுத்தாங்க' என்பது தப்பு. 'எடுக்க வெச்சாங்க' என்பதுதான் சரி. வைத்தவர் ஒருத்தர், எடுத்தவர் வேறொருத்தர். எடுத்தவருக்கு நிலமும் கிடையாது, 'மாட்டேன்' என்று சொல்கிற உரிமையும் கிடையாது. கைக்களை மலிவாக இருந்ததுக்குக் காரணம் இயற்கையோடு இயைந்த வாழ்வு இல்லை, ஜாதி. எங்க ஆயா பதினஞ்சு வயசிலிருந்து அடுத்தவங்க கழனியில் களை எடுத்தவங்க. இன்றைக்கும் அவங்களால முதுகை முழுசாக நிமிர்த்த முடியாது. 'பாரம்பரிய முறைக்குத் திரும்புவோம்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது. நீங்க திரும்புங்க, தாராளமா. ஆயாவைக் கூப்பிடாதீங்க.

அப்ப மருந்துக் கடைக்காரர் சொல்றதுதான் சரியா?

'பாத்தியா, அதுக்குத்தான் மருந்து! பொம்பளைங்க குனியவே வேணாம்' என்று இந்நேரம் ரெண்டாவது கோஷ்டி விசில் அடித்திருக்கும். கொஞ்சம் பொறுங்க சார்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குக் களை எடுக்கப் பத்து ஆள், ஆளுக்கு 300 ரூபாய், மொத்தம் 3000. மருந்தும் அடிக்கிற கூலியும் சேர்த்து 1200. மிச்சம் 1800. (நம்பரெல்லாம் உதாரணத்துக்குத்தான். பாடப் புத்தகத்தில் எக்ஸ் லிமிடெட் கம்பெனி வருகிற மாதிரி.) அந்த 1800 எங்கே போனது? விவசாயியிடம் கொஞ்சம், அவரிடம் பேரம் பேசும் வியாபாரியிடம் கொஞ்சம், மலிவு விலையில் வாங்குகிற நம்மிடம் கொஞ்சம். பத்துப் பெண்களிடம் எவ்வளவு? பூஜ்யம். பூஜ்யம்கூட இல்லை, மைனஸ் 3000. அவங்க குனிவதை நிறுத்தியது நிஜம். அதைவிட, அவங்களை வீட்டுக்கு அனுப்பியதுதான் முழு நிஜம். இதுக்குப் பேர் விடுதலை என்றால் ஆள் குறைப்பு பண்ணுகிற எல்லாக் கம்பெனியும் விடுதலை இயக்கம்தான்.

ஸ்பிரேயரை முதுகில் மாட்டுகிறவர் ஆம்பளை. அதுக்குக் கூலி கூட. களை எடுப்பது பொம்பளை வேலை. அதுக்குக் கூலி கம்மி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தும், 'ஒரே வேலை இல்லையே, வேற வேற வேலைதானே' என்ற சாக்கில் கழனி வரப்புக்கு அது இறங்கவே இல்லை.

கணக்கில் வராத இன்னும் ரெண்டு எண்ட்ரி சொல்கிறேன். ஒன்று, களை என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் சாப்பாடு. கழனியிலிருந்து வரும்போது மடியில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும், மேட்டு நிலத்திலிருந்து பண்ணைக்கீரையும் வரும். மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லும் வரும். மருந்து அடித்தால் அது நின்றுபோகும், அல்லது மருந்தோடு வரும். இரண்டு, நம் மாவட்டத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. ஓர் ஏரியின் கழனி வடிகால் பல இடங்களில் அடுத்த ஏரிக்குத்தான் போகிறது. பெண்டிமெத்தலினும், நெல்லுக்கு அடிக்கிற பூட்டாகுளோரும் மீனுக்குக் கடுமையான நஞ்சு. மீன் பிடிக்கிறவர் நஷ்டத்தை எந்தக் கழனிக்காரர் லெட்ஜரில் தேடுவது? எங்க பாடத்தில் இதுக்குப் புறச்செலவு என்று பேர். ஒருத்தர் லாபம் எடுத்துக்கொண்டு செலவை ஊர் தலையில் கட்டுவது.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் பெண்டிமெத்தலினும் இருந்தது, பூட்டாகுளோரும் இருந்தது. கம்பெனிகள் எதிர்த்தன. 2023இல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை விழுந்தது டைகோஃபால், டினோகாப், மெத்தோமில் என்ற மூணுக்கு. மோனோகுரோட்டோபாஸில் ஒரு வகைக்கும் கட்டுப்பாடு வந்தது. பெரிய பட்டியலில் இருந்த களைக்கொல்லி ஒன்றுக்குக்கூட முழுத் தடை விழவில்லை. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்பு உரிமம் பெற்ற ஆட்கள் மூலமாக மட்டும்தான் அடிக்கணும் என்று 2022 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. கழனிக்கு லைசென்ஸ் வைத்துக்கொண்டு வந்து மருந்து அடித்த ஆளை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

சட்டம் புத்தகத்தில் அழகாகத்தான் இருக்கிறது. 1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகள்படி, விற்றால் பில் தரணும். லேபிள் ஒட்டியிருக்கணும், வட்டார மொழியிலும் விவரம் இருக்கணும். நஞ்சின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறக் கட்டம் இருக்கணும். எங்க சித்தப்பா ஒரு கடையில் வாங்கி வந்த 'களை மருந்து' பழைய தண்ணி பாட்டிலில் இருந்தது. லேபிள் இல்லை, பில் இல்லை. "எவ்வளவு சித்தப்பா ஊத்தணும்?" என்றேன். "மூடியால ரெண்டு மூடின்னாரும்மா" என்றார். எந்த மூடி என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், குடிக்கிற தண்ணி பாட்டிலில் அது மூணு நாள் ஜன்னலில் இருந்தது.

இதில் மொழி பண்ணுகிற வேலையையும் கவனியுங்கள். நாம் இதை 'மருந்து' என்கிறோம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, கோரைக்கு அடிப்பதும் மருந்து. பேர் வைத்ததிலேயே பாதி பயம் போய்விட்டது.

'நூறு நாள் வேலைதான் கெடுத்துச்சு'

டீக்கடையில் களை பற்றிப் பேசினால் ரெண்டாவது நிமிஷத்தில் இந்த வசனம் வந்தே தீரும். 'நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில உட்கார்றாளுங்க, களை எடுக்க ஒருத்தியும் வரல, அதான் மருந்து அடிக்கிறோம்.'

சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, நெல்லுக்குக் கிடைக்கிற விலையில் திண்டாடுகிறவர்கள்தான் நிறையப் பேர். ஆனால் இந்த வசனத்தின் அர்த்தம் என்ன? அவளுக்கு வேறொரு வேலை கிடைக்கிற வரைக்கும்தான் என் கூலிக்கு அவள் வருவாள் என்பதுதானே? முதல் வருஷம் எகனாமிக்ஸில் டிமாண்டு சப்ளை படித்த எவனும், வேலைக்கு ஆள் வரவில்லை என்றால் கூலி பத்தவில்லை என்று சொல்லுவான். ஐ.டி. கம்பெனிக்கு ஆள் கிடைக்காவிட்டால் சம்பளத்தை ஏற்றுகிறார்கள், அதை வளர்ச்சி என்கிறோம். களைக்கு ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் 'சோம்பேறி ஆயிட்டாங்க' என்கிறோம்.

இந்தப் புலம்பல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் கணக்கை 125 ஆக ஏற்றினார்கள். கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் அரசு வேலை நடக்காது என்றும் எழுதிவைத்தார்கள். அதாவது, கழனிக்காரருக்கு ஆள் தேவைப்படுகிற நேரத்தில், கூலியை ஏற்றிக் கேட்கிற ஒரே பிடியையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. இவ்வளவு வெளிப்படையாக மேஜையின் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து பேரம் பேசுகிற அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை.

கடல் தாண்டி ஒரு பாடம்

'அப்ப களைக்கொல்லியைத் தடை பண்ணினா எல்லாம் சரியாயிடுமா?' இலங்கை பண்ணிப் பார்த்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. (வேறு சில நாட்டு அமைப்புகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியமே 2023இல் இன்னும் பத்து வருஷத்துக்கு அனுமதி கொடுத்தது.) இலங்கையில் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடம் பரவிய சிறுநீரக நோய் பற்றிய பயமும் சேர்ந்துகொள்ள, அதே 2015இல் அங்கே தடை வந்தது. தேயிலைக் கம்பெனிகள் நஷ்டம் நஷ்டம் என்றன. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள்.

தடை போட்டபோதும் எடுத்தபோதும் பேசப்பட்டது நோய், ஏற்றுமதி, நஷ்டம். தேயிலை மலையில் வேலை செய்யும் நம் மலையகத் தமிழ்ப் பெண்கள் அதே வருஷங்களில் நாள் கூலியை 1000 ரூபாய் ஆக்கு என்று தெருவில் நின்றார்கள். அது அரசாணையாக வர 2021 ஆகிவிட்டது. களையைப் பற்றி ஒரு நாடே விவாதித்தது, களையின் நடுவே நிற்கிறவளுடைய கூலி தனி ஃபைலில் தூங்கியது. தடை என்பது மருந்தின் விஷத்தைத்தான் தடுக்கும், கூலியின் விஷத்தைத் தடுக்காது.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிற ஆள் இல்லை நான். நாலு விஷயம்.

ஒன்று, குனியாமல் களை எடுக்க வழி இருக்கிறது, அதில் காசைப் போடுங்க. கேரட்டுக்கே, விதைப்பதற்கு முன் தண்ணி விட்டு, களையை முளைக்கவிட்டு, மேலாக்கில் கீறி அழித்துவிட்டுப் பிறகு விதைக்கிற முறை இருக்கிறது. கேரட்டு தலை காட்டும் முன்னால் முளைத்த களையை நெருப்பு ஜுவாலையால் பொசுக்குகிற கருவி ஐரோப்பாவில் ஆர்கானிக் பண்ணைகளில் ஓடுகிறது. நம்ம சூட்டு பூமியில் கோடையில் கண்ணாடி பாலித்தீன் விரித்து வெயிலாலேயே விதைகளை வேகவைக்கலாம். நெல்லுக்கு, திருந்திய நெல் சாகுபடி வந்தபோது வரிசை நடவும் கோனோவீடரும் வந்தன. ஆனால் அந்தக் கருவி சேற்றில் தள்ளக் கனமாக இருந்ததால் பல இடங்களில் அது ஆம்பளை கைக்குப் போய்விட்டது, கூலியும் கூடவே போய்விட்டது. பெண்கள் கைக்கும் உயரத்துக்கும் அளவெடுத்த கருவியைச் செய்து, வாடகை மையங்களில் வையுங்கள். ராக்கெட் விடுகிற நாட்டுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

இரண்டு, கருவி பிடிக்கிற வேலைக்கும் ஸ்பிரேயர் பிடிக்கிற வேலைக்கும் குனிகிற வேலைக்கும் ஒரே கூலி. கஷ்டத்தைப் பார்த்தால் குனிகிற வேலைக்குத்தான் கூட கொடுக்கணும்.

மூன்று, மருந்து விற்கிறவர் பில்லும் லேபிளும் இல்லாமல் ஒரு சொட்டு விற்கக் கூடாது. புதுச் சட்டம் எதுவும் வேணாம், அரை நூற்றாண்டாக இருக்கிற விதியைப் போதும் போதும் என்கிற அளவுக்குச் செக் பண்ணுங்க. கிரானா கடையில் பிஸ்கெட்டுக்கு எம்.ஆர்.பி. பார்க்கிற நாம் இதுக்கு பில் கேட்க ஏன் கூச்சப்படணும்?

நான்கு, இது ஈ.சி.ஆர். கடைகளுக்கு. 'களைக்கொல்லி இல்லாதது' என்ற அட்டைக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'இந்தக் கேரட்டுக்குக் களை எடுத்தவருக்கு நாள் கூலி இவ்வளவு.' உங்கள் விலை ரெட்டிப்பாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ரெட்டிப்பில் எத்தனை பங்கு கழனிக்குத் திரும்பிப் போனது என்று சொல்லிவிட்டால் நானே நாலு பேருக்குச் சொல்லி வியாபாரம் பிடித்துத் தருகிறேன். சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் விற்பது மலிவான முதுகு, கேரட்டு அதுக்குப் போட்ட கலர் பேப்பர்.

'இப்படியெல்லாம் பண்ணினா காய் விலை ஏறுமே' என்பார்கள். ஏறட்டும். இப்போது இருக்கிற விலை, யாரோ ஒருத்தி தன் இடுப்பிலிருந்து நமக்குக் கொடுக்கிற மானியம். மானியம் என்றால் வாங்குகிறவன்தான் வெட்கப்படணும், கொடுக்கிறவளைப் பார்த்து 'வேலைக்கு வர மாட்டேங்கறா' என்று திட்டக் கூடாது.

பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் எங்க சார் பேப்பரையே கிழித்துப் போட்டுவிடுவார். நாடே அப்படி எழுதிக்கொண்டிருக்கிறது. யார் கிழிக்கிறது?

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு 'நீ களைக்கொல்லிக்கு ஆதரவா, எதிர்ப்பா?' என்று யாராவது கேட்டால், தயவுசெய்து மேலே போய் இன்னொரு தடவை படிக்கவும். ஆயாவுக்கு ஆதரவு :-)